எது இரைச்சல்?

ஒருவர் வாய்விட்டுச் சொன்னதை மடிக்கணினியில் பதிந்து வைத்துவிட்டால் அது யாருக்குச் சொந்தம்? சொன்னவருக்கா, பொட்டியை வைத்திருப்பவனுக்கா?

ஆடாசிட்டி என்றொரு மென்பொருள் உண்டு. காசு கிடையாது. பொதுவாக வினாடிக்கு 44,100 தடவை குரலை அளந்து எண்ணாக்கி வைக்கும். அதில் இரைச்சலை நீக்க வேண்டுமானால், பேச்சில்லாத ஓரிரு வினாடியைத் தொட்டு 'இதுதான் இரைச்சல்' என்று நாம் காட்டிக்கொடுக்க வேண்டும். பிறகு அதன் சாயல் தெரிகிற இடத்தையெல்லாம் அதுவே அமுக்கிவிடும். கணினிக்கு எது இரைச்சல் என்று தெரியாது. நாம்தான் சொல்கிறோம்.

1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நெல்லை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போன ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து தாமிரபரணிக்குள் விரட்டியது. 17 பேர் செத்தார்கள். ஒரு கைக்குழந்தையும் அதில் உண்டு. அந்த ஊர்வலத்தில் நடந்த பெரியம்மா ஒருவரின் பேச்சை ஆற்றங்கரையிலேயே வைத்துப் பதிந்தேன். "போலீசு வந்துச்சு..." என்றவர் நிறுத்திவிட்டார். 19 வினாடி. திரையில் கோடு முழுசாய்ப் படுக்கவில்லை. ஆறு ஓடுகிற சத்தத்தில் நடுங்கிக்கொண்டே போகிறது. கூட இருந்த மாணவர், "அண்ணே, இத வெட்டிருவோம், கேக்குதவங்களுக்குச் சடைக்கும்" என்றார். இரைச்சலுக்கு மாதிரி எடுக்க அதைவிடத் தோதான இடமும் கிடையாது. எடுத்திருந்தால் அவர் பேச்சு முழுக்க ஆறு இல்லாமல் போயிருக்கும். யாருக்கு வசதி அது?

வெட்டுவதும் ஒட்டுவதும் கணினியோடு வந்த பழக்கமில்லை. முத்துப்பட்டன் கதையில் பொம்மக்காவும் திம்மக்காவும் வாலப்பகடையின் மக்கள், சக்கிலியப் பெண்கள். அவர்களுக்காகப் பார்ப்பான் பூணூலை அறுத்தான், செருப்புத் தைத்தான். காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனுக்கு இன்றும் செருப்புதான் காணிக்கை. அந்தப் பெண்களையே பிறப்பில் பார்ப்பனத்திகள் ஆக்கிப் பிற்பாடு சேர்த்துவிட்டார்கள். அது இடைச்செருகல் என்று நா. வானமாமலை எடுத்துக்காட்டினார். பாடுகிறவன் தொண்டையிலிருந்து ஏட்டுக்குப் போகிற வழியில் யாரோ 'இரைச்சல்' நீக்கியிருக்கிறார்கள்.

அப்படியானால் எதையுமே வெட்டக்கூடாதா? பெரியம்மாவுக்குப் பதிவைப் போட்டுக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். அந்த 19 வினாடியையும் கேட்டார். பிறகு, "ஏ மக்கா, அந்தப் பேர மட்டும் எடுத்துரு. அவிய ஆளுவ இங்கனதான் இருக்காவ" என்றார். எடுத்துவிட்டேன், மூலக் கோப்பிலிருந்தும். வரலாற்றுக்கு நஷ்டம் என்று ஒரு தோழர் சண்டைக்கு வந்தார். அந்தத் தெருவில் நாளைக்குத் தண்ணி எடுக்கப் போக வேண்டியது வரலாறு இல்லை, பெரியம்மா.

பெயர் இருந்த இடத்தில் எதையும் ஒட்டவில்லை. அங்கே வரும்போது ஆற்றுச் சத்தமும் சட்டென்று அறும். வெட்டியிருக்கிறது என்று கேட்பவர்களுக்குத் தெரியட்டும்.