ஒரே வெப்பமும் வேறுபடும் விளைவும்

இறைவனின் அருள் எல்லா உயிர்க்கும் பொதுவாயின், உயிர்கள் அடையும் பயன் ஏன் வேறுபடுகிறது என்பது சைவ சித்தாந்தத்தின் மைய வினாக்களுள் ஒன்று. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் என்னும் சித்தாந்த நூலுக்கு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி ஞானப்பிரகாசர் 17 ஆம் நூற்றாண்டில் உரை வகுத்தமையால், இவ்வினா குடாநாட்டுக்கும் நெடுங்காலமாக உரியது. ஒரே ஞாயிற்றின் முன்னிலையில் ஒரு தாமரை அரும்ப, ஒன்று மலர, ஒன்று உலர்வது அவற்றின் பக்குவத்தாலேயன்றி ஞாயிற்றின் பாரபட்சத்தால் அன்று என்பதே சித்தாந்தம் தரும் விடை.

காங்கேசன்துறையில் 1950 இல் நிறுவப்பட்டு 1990 இல் போரினால் நின்றுபோன தொழிற்சாலையைப் போன்ற சிமெந்து ஆலைகளின் பொறியியலும் இவ்விடையைத் தெளிவாக்குகிறது. சுண்ணக்கல்லையும் களியையும் ஏறத்தாழ 1450 பாகை செல்சியசில் சுட்டுப் பெறும் கிளிங்கர் எனப்படும் கட்டிகள் குளிர்விக்கப்பட்ட பின்னரும் வெம்மை தணியாதிருக்கலாம் என்பதால், அவற்றைச் சுமக்கும் கன்வேயரை, அதாவது உருளைகள்மீது ஓயாது நகரும் பட்டையையும் அதைத் தாங்கும் சட்டகத்தையும், வெப்ப விரிவைக் கணித்தே வடிவமைக்க வேண்டும். 100 மீற்றர் நீள உருக்குச் சட்டகம் 30 பாகை சூடேறினால் ஏறக்குறைய 36 மில்லிமீற்றர் நீளும். இரு முனைகளும் இறுக்கப்பட்டிருப்பின் அந்நீட்சி தகைப்பாக மாறிச் சட்டகத்தை வளைக்கக்கூடும். ஆதலால் ஒரு முனையை நிலைநிறுத்தி, மறுமுனையை நீள்துளைகளில் நகரவிடுவர். பட்டையின் நீளமாற்றத்தை ஏற்க, பாரம் தொங்கும் கப்பி ஒன்றை மேலும் கீழும் அசையவிடுவர்.

உருக்கை நீட்டும் அதே வெப்பம், பாரம் தொங்கவிட்டு இழுத்து வைத்த தூய இறப்பர்த் துண்டைச் சுருக்குகிறது என்பதை ஆங்கிலேய ஆய்வாளர் ஜோன் கஃப் 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கண்டறிந்தார். வெப்பம் ஒன்றாயிருக்க விளைவு எதிரெதிராவதற்குக் காரணம் பொருள்களின் உள்ளமைப்பே ஆகும்.

எனினும் இவ்வொப்புமைக்கு ஓர் எல்லை உண்டு. உருக்கு தன் இயல்பைத் தானே மாற்றிக்கொள்ளாது. உயிரோ ஆணவ மலத்தால், அதாவது அறிவை மறைக்கும் அநாதியான அழுக்கால், கட்டுண்டிருப்பினும், சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நால்வகை நெறிகளால் பக்குவம் அடையவல்லது. ஆகவே வேறுபடும் விளைவைக் கண்டு அருளைக் குறைகூறுவது பொருந்தாது; தன் இயல்பை அறிந்து அதனைப் பக்குவப்படுத்துவதே உயிரின் கடமையாகும்.