பொறுக்கி எடுப்பதும் பற்றுதானா?

கடைக் கூடையில் குவிந்திருக்கும் ஸ்னோ பீஸ் என்ற பட்டாணிக் காயில் கை வைப்பவர்கள் எல்லோரும் செய்வது ஒரே வேலைதான். பச்சை மாறாத காயை எடுக்கிறார்கள், வாடியதை ஒதுக்குகிறார்கள். இதில் கேள்விக்கே இடமில்லை என்று தோன்றும். ஆனால் விருப்பு வெறுப்பைத் துன்பத்தின் வேராகப் பார்க்கும் பௌத்தத்தில் இது சிறிய கேள்வி அல்ல. பிச்சைப் பாத்திரத்தில் விழுந்ததை உண்ணும் துறவிக்கு இந்தச் சங்கடம் இல்லை. இட்டதை ஏற்கிறார், அவ்வளவுதான். மடத்திலேயே அடுப்பு மூட்டிப் பலருக்கும் சமைக்கும் துறவி என்ன செய்வார்? அவர் காயைப் பொறுக்கித்தான் ஆக வேண்டும். பொறுக்குகிற கையில் பற்றும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளாதா?

இந்தக் கேள்வியை அடுப்படியிலேயே வைத்து யோசித்தவர் ஜப்பானியத் துறவி டோகென் (1200–1253). அவர் 1237இல் எழுதிய ‘தென்ஸோ க்யோகுன்’ மடத்துச் சமையல் பொறுப்பாளருக்கான அறிவுரை நூல். தென்ஸோ என்ற அந்தப் பொறுப்பாளர் ஜென் மடத்தை நடத்தும் ஆறு முக்கிய அதிகாரிகளில் ஒருவர். எடுபிடி வேலை என்று எண்ணி யாரோ ஒருவரிடம் ஒப்படைக்கும் பதவி அல்ல அது. பயிற்சியில் ஊறிய மூத்தவர்களுக்கே கொடுக்கப்பட்டது.

டோகென் இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1223இல் சீனாவுக்குப் போனபோது, அவர் தங்கியிருந்த கப்பலுக்கு 61 வயதுத் துறவி ஒருவர் ஜப்பானியக் காளான் வாங்க வந்தார். அயூவாங் மலை மடத்தின் தென்ஸோ அவர். மறுநாள் விருந்து நாள். துறவிகளுக்கு நூடுல்ஸ் சூப் தர வேண்டும், அதற்குச் சேர்க்க மடத்தில் ஒன்றும் இல்லை. அதற்காகச் சீனக் கணக்கில் சுமார் 35 லீ தூரம் நடந்தே வந்திருந்தார். இரவு தங்கிப் பேசிவிட்டுப் போகலாமே என்று டோகென் வற்புறுத்தினார். கிழவர் மறுத்துவிட்டார்: நாளைய சாப்பாட்டை நான் பார்த்தாக வேண்டும். இந்த வயதில் தியானத்திலும் நூல்களிலும் உட்காராமல் அடுப்படியில் ஏன் இந்தப் பாடு என்று கேட்டார், அப்போது 23 வயதிருந்த டோகென். கிழவர் சிரித்தார். தம்பிக்கு இன்னும் பயிற்சி என்றால் என்னவென்று தெரியவில்லை என்ற பொருள்படச் சொல்லிவிட்டுக் காளானோடு கிளம்பினார்.

ஒரு சூப்புக்காக அத்தனை தூரம் நடந்தவரைப் பற்றுள்ளவர் என்பதா, பற்றற்றவர் என்பதா? டோகெனின் நூல் முழுவதும் இந்த முடிச்சு இருக்கிறது. அரிசியில் மணல் பொறுக்கும்போது கண்ணை அங்கே இங்கே திருப்பாதே என்கிறது. மணலோடு ஓர் அரிசிகூடப் போய்விடக் கூடாது என்கிறது. அதாவது, நல்லதையும் கெட்டதையும் கூர்மையாகப் பிரிக்கச் சொல்கிறது. அதே நூல், காட்டுக்கீரைச் சாறு காய்ச்ச நேர்ந்தால் முகம் சுளிக்காதே, பால் சேர்ந்த உயர்ந்த உணவு சமைக்கக் கிடைத்தால் துள்ளிக் குதிக்காதே என்றும் கண்டிக்கிறது. பிரித்துப் பார், ஆனால் பேதம் பார்க்காதே!

இதை வெறும் முரண் என்று தள்ளிவிட முடியாது. டோகென் தருவது ஒரு சோதனை. பொருளின் விலையோ பெருமையோ ஏறி இறங்கும்போது, சமைப்பவரின் கவனமும் கூடவே ஏறி இறங்குகிறதா? ஏறி இறங்கினால் அங்கே பற்று இருக்கிறது. எந்தப் பொருளுக்கும் கவனம் ஒன்றே என்றால், மணலை மணல் என்று அறிவது அறிவு மட்டுமே. இந்தக் காய் முற்றியது, அந்தக் காய் இளசு என்று தெரிந்துகொள்வதில் குற்றம் ஏதும் இல்லை. முற்றியது கிடைத்த அன்று அலட்சியமாகக் கிண்டி இறக்குவதுதான் குற்றம்.

ஸ்னோ பீஸ் இந்தச் சோதனைக்கு வாகான காய். சாதாரணப் பட்டாணித் தோலின் உட்புறம் காகிதம்போல் ஒரு கெட்டிப் படலம் இருக்கும். அதனால்தான் மணியை எடுத்துக்கொண்டு தோலை எறிகிறார்கள். ஸ்னோ பீஸில் அந்தப் படலம் இல்லை, தோலோடு தின்னலாம். இந்த வேறுபாட்டைப் பொறுமையாக எண்ணிப் பார்த்தவரும் ஒரு மடத்துத் துறவிதான். கிரெகோர் மெண்டல் ப்ர்னோ நகரத்து மடத் தோட்டத்தில் ஆராய்ந்த ஏழு குணங்களில் காயின் வடிவமும் ஒன்று: உப்பிய காய், மணிகளுக்கிடையே ஒடுங்கிய காய். படலமில்லாத காய்கள்தான் முற்றும்போது அப்படி ஒடுங்கும். 1866இல் அச்சான அவர் கட்டுரையில், இரண்டாம் தலைமுறைச் செடிகளில் உப்பியவை 882, ஒடுங்கியவை 299. தனக்குப் பிடித்த பக்கம் என்று ஒன்று இல்லாமல் இரண்டையும் ஒரே அக்கறையோடு எண்ணியதால்தான் மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம் அவர் கண்ணில் பட்டது. டோகென் கேட்கும் பார்வைக்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் கிடைப்பது அரிது.

காயைத் தேரும் முறை எளிது. தட்டையாக, பளிச்சென்ற பச்சையில், உள்ளே மணிகள் லேசாகத் தடம் காட்டும் அளவில் இருந்தால் இளசு. மணிகள் புடைத்து நின்றால் முற்றத் தொடங்கிவிட்டது. சர்க்கரை மாவாக மாறி, நாரும் தடித்திருக்கும். இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பதுபோல் இதையும் கூடையிலேயே ஒடித்துப் பார்த்து, பிடிக்காததைத் திரும்பப் போட்டுவிடுகிறார்கள். ஒடிந்த காயை அடுத்தவர் எடுப்பதில்லை, நட்டம் கடைக்காரருக்கு. தன் தட்டுக்கு நல்லது வேண்டும் என்பதற்காக இன்னொருவரின் பொருளைக் கெடுப்பது, சந்தேகமே இல்லாமல், பற்றின் வேலை. கண்ணாலேயே பார்த்து எடுக்க முடிகிற காய் இது. ஒடித்தாயிற்று என்றால் அதையும் சேர்த்து வாங்கிக்கொள்வதுதான் முறை.

வீட்டுக்கு வந்தபின் முற்றியது சில கலந்திருக்கத்தான் செய்யும். அவற்றைக் குப்பைக்கு அனுப்ப வேண்டாம். மணியை உரித்தால் குருமாவுக்கோ உப்புமாவுக்கோ ஆகும். கிள்ளிய காம்பும் உரித்த தோலும் காய்கறிச் சாறு காய்ச்ச உதவும், கொதித்தபின் வடிகட்டிவிடலாம்.

ஜப்பானில் இந்தக் காய்க்குக் கினுஸயா என்று பெயர். இறைச்சி, மீன் மட்டுமல்லாமல் பூண்டு, வெங்காய வகைகளையும் விலக்கும் ‘ஷோஜின்’ என்ற மடத்துச் சமையலிலும் இதற்கு இடம் உண்டு. உறையவைத்து உலர்த்திய டோஃபுவையும் ஷீடாகே காளானையும் கடற்பாசிச் சாற்றில் மெல்ல வேகவைப்பார்கள். கினுஸயாவை மட்டும் தனியாக வெந்நீரில் போட்டு எடுத்து, கடைசியில் மேலே வைப்பார்கள். கூடவே போட்டால் பச்சை மங்கிக் காக்கி நிறமாகிவிடும். ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கு வேண்டிய நேரத்தைத் தருவதும் ஒருவகை மரியாதைதான்.

அதே முறையை எந்த வீட்டிலும் செய்யலாம். காம்பை ஒடித்து, அது பிடித்துவரும் நாரை ஓரத்தோடு இழுத்து எடுக்க வேண்டும். மறு ஓரத்திலும் நார் இருந்தால் அதையும். அகன்ற பாத்திரத்தில் நிறையத் தண்ணீரும் உப்பும் இட்டுத் தளதளவென்று கொதிக்கும்போது காயைப் போட்டு, மூடாமல், முப்பது விநாடி முதல் ஒரு நிமிடம்வரை விட்டால் போதும். உடனே குளிர்ந்த நீரில் அலசி வடித்துவிட வேண்டும். வறுத்துப் பொடித்த எள், கொஞ்சம் சோயா சாஸ், ஒரு சிட்டிகை சர்க்கரை சேர்த்துப் பிசிறினால் ஷோஜின் பாணிப் பக்குவம் வந்துவிடும். எலுமிச்சை பிழிவதானால் சாப்பிடும் நேரத்தில் பிழியுங்கள். புளிப்பு பச்சையைக் கெடுக்கும். ஸ்னோ பீஸ் பறித்த நேரத்திலிருந்தே இனிப்பை இழக்கத் தொடங்கும் காய். குளிர்பெட்டியில் சேர்த்துவைக்காமல், வாங்கிய அன்றோ மறுநாளோ சமைத்துவிடுங்கள்.