ஜெயிச்ச பிறகு முருகன் என்ன செஞ்சார்?



திருச்செந்தூர் சூரசம்ஹாரத்தில் நம்ம கண்ணெல்லாம் வேல் மேலேயே இருக்கும். சூரன் விழுந்ததும் ஒரு பெரிய "அரோகரா". அதோட கூட்டம் கலைய ஆரம்பிச்சிடும். எனக்கு என்னவோ அதுக்கு அப்புறம் நடக்கிறதுதான் பெரிசாத் தெரியுது. ஸ்கூல் டீம்ல ஆடுற தம்பி தங்கைகள் நிறைய பேர் இதைப் படிக்கிறீங்க. உங்களுக்காகத்தான் சொல்றேன்.

2016 ஜனவரியில், மும்பை பக்கம் கல்யாணில் ஒரு பள்ளி கிரிக்கெட் மேட்ச். ஆர்யா குருகுல் பள்ளி 31 ரன்னுக்கு ஆல் அவுட். பதிலுக்கு கே.சி. காந்தி பள்ளி 3 விக்கெட்டுக்கு 1465! அதில் பிரணவ் தனவாடே என்ற 15 வயசுப் பையன் மட்டும் 1009 நாட் அவுட். உலக சாதனை. ரெண்டாவது இன்னிங்ஸில் ஆர்யா குருகுல் 52. இன்னிங்ஸ் மற்றும் 1382 ரன் வித்தியாசத்தில் வெற்றி.

பிரணவோட உழைப்பை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனா அந்த 1465 ரன்னுக்கும் ஓடி ஓடிப் பந்து பொறுக்கினவங்களும் பள்ளிக்கூடப் பசங்கதானே? "போதும், டிக்ளேர்"னு எப்ப வேணும்னாலும் சொல்ல கிரிக்கெட்டில் விதி இருக்கு. அதைச் சொல்ல வேண்டியது பெரியவங்க பொறுப்புன்னு நான் நினைக்கிறேன். அமெரிக்காவில் சின்னப் பசங்க ஆடுற லிட்டில் லீக் பேஸ்பாலில், நாலு இன்னிங்ஸ் முடிஞ்சு 10 ரன் முன்னிலை இருந்தா ஆட்டத்தையே முடிச்சிடுவாங்க.

"அப்போ விட்டுக்கொடுத்து ஆடணுமா அண்ணா?"ன்னு கேட்பீங்க. வேண்டாம். வேணும்னே கேட்சை விட்டா எதிர் டீமுக்கு உடனே தெரிஞ்சிடும், அது இன்னும் பெரிய அவமானம். நம்ம சுவாமியும் அரைமனசா போர் செய்யலையே! முதல்ல வீரபாகுவைத் தூது அனுப்பினார், தேவர்களை விடச் சொன்னார். சூரன் கேக்கல. அப்புறம் முழு பலத்தோட அடிச்சார். மாமரமா நின்னவனை வேல் ரெண்டாப் பிளந்துச்சு.

அந்த ரெண்டு பாதியும் சேவலும் மயிலுமா மாறி எதிர்த்து வந்தப்ப, முருகன் நினைச்சிருந்தா ஒரு நொடியில சாம்பலாக்கியிருக்கலாம். ஆட்டம் முடிஞ்சிருச்சு, இனி அடிக்க ஒண்ணுமில்ல. அருளோட ஒரு பார்வை பார்த்தார். மயில் வாகனமாச்சு, சேவல் கொடியில ஏறிச்சு. தோத்தவனைத் தலைக்கு மேல தூக்கி வெச்ச சாமி நம்ம சாமி! நாம என்ன பண்றோம்? ஸ்கோர்போர்டை போட்டோ எடுத்து, சிரிக்கிற எமோஜியோட ஸ்டேட்டஸ் வைக்கிறோம்.

கபடியில முப்பது பாயின்ட் லீடா? சீசன் முழுக்க பெஞ்சுல உட்கார்ந்திருக்கிற தம்பியை ரெய்டுக்கு அனுப்புங்க. ஃபுட்பால்ல எட்டாவது கோலுக்கு டான்ஸ் வேண்டாம், கை கொடுத்துட்டு நகருங்க. 31க்கு ஆல் அவுட் ஆன பையன் அடுத்த வாரமும் கிரவுண்டுக்கு வரணும். வெட்கத்துல அவன் வீட்டுலயே உட்கார்ந்துட்டா, நீங்க யாரோட ஆடுவீங்க?

இந்த வாரம் மேட்ச் இருக்கிறவங்க, திருநீறு பூசிக்கிட்டு "ஜெயிக்கணும் முருகா"ன்னு தாராளமா வேண்டிக்கோங்க. அப்படியே எதிர் டீம் பசங்களுக்கும் சேர்த்து ஒரு அரோகரா போட்டுடுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🦚🐓