தகுதியின்மையும் அழைத்தலும்

நோயுற்றோரின் படுக்கையருகே ஆறுதல் சொல்ல வார்த்தையின்றி நிற்கும்போது, "இப்பணிக்கு நாம் தகுதியானவர்கள்தானா?" என்ற கேள்வி நம்முள் எழுகிறது. இவ்வுணர்வு தாழ்ச்சியா? அல்லது தாழ்ச்சியின் வேடமணிந்த தன்னலமா?

பங்குக் குருக்களின் பாதுகாவலரான புனித ஜான் மரிய வியான்னியும் இக்கேள்வியோடு போராடியவரே. இலத்தீன் மொழி கைவராமையால் லியோன் குருமடத்திலிருந்து அனுப்பப்பட்டவர் அவர். வேறொரு குருவின் பொறுமையான பயிற்சியால் 1815இல் குருப்பட்டம் பெற்றார். 1818இல் ஆர்ஸ் என்னும் சிற்றூருக்குப் பணியாற்றச் சென்றார். பிரான்சு நாடெங்குமிருந்து மக்கள் அவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யத் திரண்டனர். அப்போதும் தம் குறைகளுக்காகத் தனிமையில் அழவேண்டும் என்று ஏங்கி, ஊரைவிட்டு வெளியேற அவர் பலமுறை முயன்றார். 1853இல் இரவில் புறப்பட்டவரை மக்களே தடுத்து நிறுத்தினர். அவர் திரும்பினார், 1859இல் இறக்கும்வரை அவ்வூரிலேயே பணிபுரிந்தார்.

அவருடைய தகுதியின்மை உணர்வு மறைந்துவிட்டதாக நாம் எண்ண வேண்டியதில்லை. அவ்வுணர்வு பொய்யன்று, கடவுள் முன்னிலையில் தகுதியுடையோர் யார்? ஆனால், நமக்காகக் காத்திருப்போரை விட்டு விலக அதையே காரணமாக்கும்போது, நம் பார்வை மீண்டும் நம்மீதே தங்கிவிடுகிறது. அங்கே தாழ்ச்சி சோதனையாக மாறுகிறது.

ஒவ்வொரு திருப்பலியிலும் திருவிருந்துக்கு முன் நாம் தகுதியற்றோர் என அறிக்கையிடுகிறோம். அறிக்கையிட்டபின் வாசலை நோக்கியா நடக்கிறோம்? பீடத்தை நோக்கியன்றோ செல்கிறோம்! நாள்தோறும் நம் நாவு சொல்வதை நம் கால்களும் கற்றுக்கொள்ளட்டும்.