மறைப்பது அறமாகுமா?

பிறர் குற்றத்தைத் தூற்றாது மறைத்தல் நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் ஒன்று என்று இளமையிலேயே கற்றவர்கள் நாம். உபகூகனம் எனப்படும் அந்த அங்கத்தைப் போற்றுகின்ற நாம், குற்றமே அல்லாத ஒன்றையும் குற்றமெனக் கருதி மறைத்து வருகிறோமோ என்னும் ஐயம் அண்மைக் காலமாக என் உள்ளத்தை வருத்துகிறது.

சென்ற ஆண்டு எங்கள் ஊர் ஜினாலயத்தில் அபிடேகம் நடைபெற்றபோது, உறவுமுறையில் எனக்கு மகளாகும் பெண்ணொருத்தி, ஐந்து வயது மகனுடன் வெளித்திண்ணையிலேயே அமர்ந்திருந்தாள். மணியோசை எழும்போதெல்லாம் சிறுவன் காதுகளைப் பொத்திக்கொண்டு அலறினான். "உள்ளே வரலாமே, அம்மா" என்றேன். "வேண்டாம் பெரியம்மா. நாலு பேர் பார்த்தால் நாளை இவன் தங்கைக்கு வரன் அமையாது என்று அத்தை அஞ்சுகிறார்" என்றாள். மருத்துவர் 'ஆட்டிசம்' என்று கூறி ஓராண்டாகியும் வெளியார் எவரிடமும் அவள் அச்சொல்லை உச்சரித்ததில்லை. எங்கே செல்வது, யாரை நாடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்டால் வழி தெரியும். கேட்டாலோ செய்தி வெளிப்பட்டுவிடும். இம்முடிச்சில் ஒரு குழந்தையின் ஓராண்டு கழிந்துவிட்டது.

அவளைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. 1984ஆம் ஆண்டு என் மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பமாட்டான், முகம் பார்க்கமாட்டான், ஆனால் சாலையில் சென்ற பேருந்துகளின் எண்களையெல்லாம் வரிசை தவறாமல் ஒப்பிப்பான். ஒரு மாதம் பொறுத்தேன். பின்னர் அவன் தந்தையை அழைத்து, "இவன் பள்ளிக்கு ஏற்றவன் அல்லன். வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன். அவர் கைகூப்பிவிட்டு மகனை அழைத்துச் சென்றார். இரண்டாண்டு ஆசிரியப் பயிற்சியில் ஆட்டிசம் என்னும் சொல்லை நான் கேட்டதில்லை என்பது உண்மையே. ஆயினும் அறியாமை காரணமாகச் செய்த தீங்கும் தீங்கே. இக்கட்டுரையை என் பிரதிக்கிரமணமாகவே எழுதுகிறேன்.

"எல்லாம் முற்பிறவி வினை" என்று சிலர் அத்தாயின் காதுபடக் கூறுகின்றனர். வினைக்கொள்கையை நான் மறுக்கவில்லை. ஆனால், எவ்வினை எவ்வுயிரிடத்து எப்படிப் பயன் தருகிறது என்று காணும் கேவல ஞானம் நமக்கு வாய்த்துவிட்டதா? அறியாத ஒன்றை அறிந்தவர்போல் சொல்லி ஒரு தாயின் நெஞ்சைப் புண்படுத்துவது சொல்லால் செய்யும் இம்சையன்றோ? அவ்வினை இன்று நாம் புதிதாய் ஈட்டுவது.

கற்றோரும் இப்பிழையைச் செய்ததுண்டு. லியோ கானர் என்னும் மருத்துவர் 1943இல் பதினொரு குழந்தைகளை ஆராய்ந்து இந்நிலையை விளக்கினார். அதன்பின் பல்லாண்டுகள், தாயின் அன்பு வறண்டதே இதற்குக் காரணம் என்று மேனாட்டு அறிஞர் சிலர் பழித்தனர். 1964இல் அக்கருத்தை மறுத்து நூல் எழுதிய பெர்னார்டு ரிம்லாண்டு உளவியல் அறிஞர் மட்டுமல்லர். அத்தகைய குழந்தையின் தந்தையுமாவார். ஆட்டிசம் மூளை வளர்ச்சியில் பிறவியிலேயே அமையும் வேறுபாடு; வளர்ப்பின் குறை அன்று என்பது இன்று தெளிவு. தில்லியில் 1991இல் 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' அமைப்பைத் தொடங்கிய மெரி பருவாவும் ஒரு தாயே. நம் நாட்டின் 1995ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசத்தின் பெயரே இல்லை. 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்திலும், 2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் அது இடம்பெற்றது. மறைக்காமல் வாய்திறந்த பெற்றோர் இல்லையேல் இம்மாற்றங்கள் எளிதில் வந்திரா.

ஆகவே, அந்தப் பெண்ணுடன் நானும் புறப்பட்டேன். நாங்கள் அறிந்தவற்றைப் பிற குடும்பங்களுக்காக இங்கே பதிகிறேன். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ இயங்கும் தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் குழந்தையைக் காட்டலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் வழியே அடையாள அட்டை பெறலாம். குறைபாடு நாற்பது விழுக்காடும் அதற்கு மேலும் எனச் சான்று பெற்ற பிள்ளைக்கு ஆறு வயது முதல் பதினெட்டு வயது வரை இலவசக் கல்வி சட்டப்படியான உரிமை. வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் உள்ளனர். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005இல் நிறுவப்பட்ட மத்திய அரசின் தேசிய நிறுவனம் பயிற்சியும் ஆலோசனையும் வழங்குகிறது. பதினெட்டு வயதுக்குப் பின் சட்டப்படிப் பாதுகாவலர் தேவைப்படின், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவை அணுகவேண்டும். பள்ளி சேர்க்க மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ஆட்சியரின் குறைதீர் நாளில் மனு அளித்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். எல்லாத் தாள்களையும் ஒரே கோப்பில் வையுங்கள். யாவற்றினும் மேலாக, இவ்வழியில் முன்னே சென்ற இன்னொரு பெற்றோரைத் தேடுங்கள். எந்த வரிசையில் நிற்பது, எந்தச் சான்றை மறவாது கொண்டுசெல்வது என்பதை அவர்களே நன்கறிவர்.

இவ்வாறு கேட்பது இரத்தல் ஆகாது. தன் பொருட்டுக் கேட்பவர் நாணலாம். வாய்பேச இயலாத உயிரின் உரிமையை அதன் பொருட்டுக் கேட்பவர் நாணவேண்டுவதில்லை.

அடுத்து வருவது நம் கடமை. உபகூகனத்தை அடுத்து நிற்கும் அங்கம் ஸ்திதிகரணம், தளர்ந்தவரை நிலைநிறுத்தல். அலுவலகம் செல்லும் நாளில் மற்றொரு குழந்தையைப் பார்த்துக்கொள்வதும், மனு எழுதித் தருவதும், பேருந்தில் துணை செல்வதும், மணியைச் சற்றே மெதுவாக அடிக்கச் சொல்வதும் ஸ்திதிகரணமே. ஒவ்வோர் ஊரிலும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரேனும் இப்பொறுப்பை ஏற்றால், வழி அறியாமல் எந்தக் குடும்பமும் ஓராண்டை இழக்காது.

ஆட்டிசத்தைத் தமிழில் மதியிறுக்கம் என்றும் எழுதுகின்றனர். இறுகியது அக்குழந்தையின் மதியா, நம்முடையதா என்று எண்ணிப் பார்க்கிறேன். இவ்வாண்டு அபிடேகத்தின்போது அச்சிறுவன் தாயின் மடியில், உள்ளே அமர்ந்திருந்தான். இருமுறை அலறினான். எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. 1984இல் நான் அனுப்பிய சிறுவனுக்கு இப்போது ஐம்பது வயது இருக்கும். அவன் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது.