எந்த வீட்டில் இருப்பது?

“விழித்திரு, விலகி இரு, வீட்டிலேயே இரு.” கொரோனா வந்த 2020இல் தமிழக அரசு மக்கள் முன்வைத்த முழக்கம் இது. மோனைக்குக் குறைவில்லை. மூன்றில் கடைசிக் கட்டளைதான் எளிது என்று பலரும் நினைத்தோம். வீட்டில் இருப்பதற்கு என்ன பாடு வேண்டிக் கிடக்கிறது? மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழகத்தில் 144 தடையுத்தரவு அமலுக்கு வந்தது. அன்றிரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, நள்ளிரவு முதல் நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு என்றார். ஒரு தேசமே வீட்டுக்குள் போய்ச் சேர நான்கு மணி நேரம் கொடுக்கப்பட்டது. எந்த வீட்டுக்குள் என்று யாரும் கேட்கவில்லை.

வீட்டுத் தனிமைக்கு மத்திய சுகாதார அமைச்சகம் நெறிமுறை வகுத்திருந்தது. காற்றோட்டமான தனி அறையில் இருக்க வேண்டும். அதை ஒட்டித் தனிக் கழிப்பறை இருந்தால் நல்லது. வேறொருவர் அதே அறையில் இருக்க நேர்ந்தால் குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். மருத்துவரீதியாக இதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் சுமார் 37 விழுக்காடு ஒரே ஓர் அறையில்தான் வாழ்ந்தன. சமைப்பதும் படிப்பதும் படுப்பதும் அந்த ஓர் அறைதான். அங்கே ஐந்து பேர் ஒரு மீட்டர் இடைவெளி விட்டுப் படுப்பதென்றால் இரண்டு பேர் வாசலுக்கு வெளியே படுக்க வேண்டும். வெளியே வந்தால் போலீஸ் அடிக்கும்.

சென்னையில் வியாசர்பாடி, புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு குடியிருப்புகளிலும், நகரின் நடுவிலிருந்து அகற்றப்பட்டவர்களைக் கொண்டுபோய்க் குடிவைத்த கண்ணகி நகரிலும் வீடு என்பது இரவில் தலைசாய்க்கும் இடம். பகலில் அந்த வீடு நிற்பதே, அதில் இருப்பவர்கள் வெளியே போவதால்தான். அப்பா லோடு ஏற்றப் போவார், அம்மா நாலு வீட்டுக்குப் பாத்திரம் துலக்கப் போவார், பிள்ளைகள் பள்ளிக்குப் போவார்கள், தாத்தா டீக்கடை பெஞ்சில் இருப்பார். ஒரே நாளில் அத்தனை பேரும் உள்ளே வந்துவிட்டார்கள். அவர்கள் சமாளித்த விதத்தை எந்த நெறிமுறையும் சொல்லித்தரவில்லை. ஆண்கள் மொட்டைமாடிக்கும் மாடிப்படிக்கும் படுக்கையை மாற்றினார்கள். உள்ளே இருப்பவர்கள் முறைவைத்துத் தூங்கினார்கள். பகலில் தாயக்கட்டை உருண்டது. ஒருவருக்கு இருமல் வந்தால் குறுக்கே ஒரு புடவை கட்டப்பட்டது. அதுதான் தனி அறை.

வசதியான வீடுகளுக்கு வேறு பாடு. அங்கே அறை இருந்தது, ஆள் இல்லை. பிள்ளைகள் அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் இருக்க, மயிலாப்பூரிலும் கும்பகோணத்திலும் எழுபது வயதுக்காரர்கள் இரத்த அழுத்த மாத்திரை வாங்கித்தர ஆளில்லாமல் பக்கத்து வீட்டுப் பையனின் கருணையை எதிர்பார்த்திருந்தார்கள். விமானம் நின்றதால் மகனின் முகம் கைப்பேசித் திரைக்குள்ளேயே நின்றது. சாவுக்கு 20 பேர், கல்யாணத்துக்கு 50 பேர் என்று கணக்கு வந்தபின் பல மகள்கள் தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்த்ததும் அதே திரையில்தான். இந்தத் துயரம் சின்னதல்ல. ஆனால் அது எழுதப்பட்டது, பேசப்பட்டது. டல்கோனா காபி கலக்கியதும் மாவு அரைத்ததும் படமாக வந்தன. “குடும்பத்தோடு நேரம் செலவிட வாய்ப்பு” என்ற வாசகத்தை யார் சொன்னார்கள் என்று திரும்பிப் பார்த்தால், அனேகமாகக் கதவைச் சாத்திக்கொள்ள இன்னோர் அறை உள்ளவர்களாகவே இருப்பார்கள்.

இரண்டு விதமான வீட்டுக்கும் பொதுவாக ஒன்று இருந்தது. எல்லாருக்கும் விடுமுறை விட்ட நாளில் அடுப்படிக்கு மட்டும் வேலை இரட்டிப்பானது. மூன்று வேளையும் எல்லாரும் வீட்டில் சாப்பிட்டார்கள். வெந்நீர், கபசுரக் குடிநீர், கைகழுவத் தண்ணீர் என்று புதிது புதிதாகச் சேர்ந்தது. இருபது நொடி கைகழுவு என்பது, தெருக்குழாயிலோ லாரியிலோ பிடித்த தண்ணீரைக் குடத்தில் சுமந்து வருபவளுக்கு வேறு பொருள் தரும். விழித்திரு என்ற முதல் கட்டளையை முழுதாக நிறைவேற்றியது அவள்தான்.

அவளுக்குக் கிடைத்த ஒரே சலுகை யாரும் திட்டமிட்டுத் தந்ததல்ல. ஊரடங்கால் டாஸ்மாக் கடைகள் ஆறு வாரம் மூடிக் கிடந்தன. சில வீடுகளில் ராத்திரிச் சத்தம் நின்றது. வேறு சில வீடுகளில் குடி கிடைக்காத எரிச்சல் அடியாக மாறியது. கதவு பூட்டிய நாடெங்கும் குடும்ப வன்முறைப் புகார்கள் கூடியதாகத் தேசிய மகளிர் ஆணையமே சொன்னது. மே 7இல் சென்னைக்கு வெளியே கடைகள் திறந்தன. ஒரே நாளில் சுமார் 170 கோடி ரூபாய்க்கு விற்பனை. மறுநாள் உயர்நீதிமன்றம் மூடச் சொன்னது. அடுத்த வாரமே உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. குடும்ப அட்டைக்கு ரேஷன் கடையில் அரசு கொடுத்த ஆயிரம் ரூபாயில் எவ்வளவு அந்த வழியாக அரசுக்கே திரும்பியது என்பதற்கு யாரும் கணக்கு எழுதவில்லை.

அந்த ஆயிரமும் இலவச அரிசியும் பருப்பும் பட்டினியைத் தள்ளிப்போட்டன என்பதை மறுக்க முடியாது. தமிழகத்தின் ரேஷன் கடை அன்று செய்த வேலையை வேறு எதுவும் செய்திருக்காது. மீதி கடன். நகையை வைக்கலாமென்றால் அடகுக்கடையும் மூடியிருந்தது. கடன் தவணைகளை மூன்று மாதம் தள்ளிவைக்க மார்ச் 27இல் ரிசர்வ் வங்கி அனுமதித்தது. வட்டிக்கு ஊரடங்கு கிடையாது. அது ஓடிக்கொண்டே இருந்தது.

பிள்ளைகள் கொடுத்த விலை அதைவிடப் பெரிது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையானவர்களுக்கு 2021 நவம்பர் 1இல்தான் திறந்தன. இடையில் கல்வித் தொலைக்காட்சி இருந்தது, கைப்பேசி வகுப்பு இருந்தது. மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கைப்பேசி, அதுவும் அப்பா வேலைக்குப் போகும்போது அவரோடு போய்விடும் வீடுகளில், படிப்பும் முறைவைத்துத்தான் நடந்தது. ஒன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்டப் பழகிக்கொண்டிருந்த குழந்தை, பள்ளியை மறுபடி பார்த்தபோது மூன்றாம் வகுப்பில் இருந்தது. இல்லம் தேடிக் கல்வி என்று தன்னார்வலர்களைத் தெருவுக்கு அனுப்ப வேண்டியிருந்ததே இழப்பின் அளவைச் சொல்லும்.

இவ்வளவுக்கும் நடுவே தொற்று வந்த வீட்டுக் கதவில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். சில தெருக்களில் தகரம் வைத்து அடைத்தார்கள். ஒதுக்கிவைப்பதில் நமக்குப் பல நூற்றாண்டுப் பயிற்சி உண்டென்பதால் அண்டை வீட்டார் சிலர் அதைச் சட்டென்று கற்றுக்கொண்டார்கள். நோயாளிகளைக் காப்பாற்றி நோய்வாய்ப்பட்டு இறந்த மருத்துவரின் உடலைப் புதைக்கவிடாமல் சென்னையிலேயே ஒரு கூட்டம் கல்லெறிந்தது. அதே நகரில், தகரத்துக்கு மேலாகக் கைநீட்டிச் சோற்றுப் பாத்திரத்தைக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். குடும்பங்கள் பிழைத்தது அந்தக் கைகளால். அதைக் குடும்ப அமைப்பின் வெற்றி என்று பாராட்டுவதில் ஒரு வசதி இருக்கிறது: பாராட்டிவிட்டால் வீடு கட்டித்தர வேண்டியதில்லை.

நம் வீடுகளில் எத்தனை அறை, எங்கிருந்து தண்ணீர், கழிப்பறை உண்டா என்று வாசலுக்கு வந்து கேட்கும் வீட்டுக் கணக்கெடுப்பு 2020 ஏப்ரலில் தொடங்குவதாக இருந்தது. தொற்றைக் காரணம் காட்டி அதைத் தள்ளிவைத்தார்கள். அடுத்த கொள்ளைநோய்க்கான திட்டத்தை யார் எழுதினாலும், தடுப்பூசிக்கும் படுக்கைக்கும் முன்னால் அந்த மூன்று கேள்விகளின் விடையை முதல் பக்கத்தில் எழுதட்டும். அறையே இல்லாதவரை விலகி இருக்கச் சொல்வது மருத்துவ ஆலோசனை ஆகாது.