யாருடைய மானம்?

திருப்பாலைக்குடிக் கடலுக்கு அக்கரையில், யாழ்ப்பாணத்தில், ரஜனி திராணகம என்றொரு மருத்துவர் வாழ்ந்தார். பல்கலைக் கழகத்தில் உடற்கூற்றியல் பயிற்றுவித்தவர். 1987 அக்டோபரில், அமைதி காக்கச் சென்ற இந்தியப் படை அங்கே போரில் இறங்கிற்று. படையினரால் சிதைக்கப்பட்ட பெண்களின் வாய்மொழியைக் கேட்டு எழுதினார் ரஜனி. 'முறிந்த பனை' நூலில் அப்பகுதி இருக்கிறது. தமிழ் இயக்கங்களின் கொடுமைகளையும் அந்நூல் விட்டுவைக்கவில்லை. 1989 செப்டம்பர் 21 அன்று, மிதிவண்டியில் வீடு திரும்பும் வழியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார், வயது 35.

எழுதியதால் என்ன பயன் என்று கேட்பாருண்டு. எழுதலாமா என்று கேட்பவரோ அவரினும் அஞ்சத்தக்கவர்! "பெண்ணின் மானம் என்னாவது? இனத்தின் மானம் என்னாவது?" அடடா, என்ன அக்கறை! வெறியாடியவனுக்கு மானம் போகவில்லை. வேடிக்கை பார்த்தவனுக்கும் போகவில்லை. வீழ்த்தப்பட்டவளுக்கு மட்டும் போய்விட்டதாம்! களவு கொடுத்தவனைப் பார்த்து, 'மானம் இழந்தவன்' என்று எவரேனும் கூறியதுண்டா? பொருளுக்கு ஒரு நீதி, பெண்ணுக்கு ஒரு நீதி! நாமும் இனப்பற்றுடையோரே, தோழர்களே. ஆனால், மாற்றான் செய்தால் முழங்கு, நம்மவன் செய்தால் மறை என்று எவன் சொன்னாலும், அவன் குற்றத்தில் கூட்டாளியே.

தர்மபுரி மாவட்டத்து வாச்சாத்தியில் 1992 சூன் 20 அன்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் புகுந்தன. 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளாயினர். அப்படியொன்றும் நடக்கவில்லை என்றனர் ஆள்வோர். மலைவாழ் மக்கள் சங்கத்தினரும் மார்க்சிஸ்ட் தோழர்களும் விடவில்லை. அப்பெண்களும் மன்றத்தில் நின்று நடந்ததைக் கூறினர். குற்றம் சாட்டப்பட்டோர் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று, உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. எஞ்சிய 54 பேரைச் சாவு தப்புவித்துவிட்டது. 19 ஆண்டுகள்! 2023இல் சென்னை உயர்நீதிமன்றமும் தீர்ப்பை உறுதி செய்தது.

அவள் பெயரை ஊரறியச் செய்க என்று நாம் கூறவில்லை. சட்டமும் அதைத் தடுக்கிறது. செயலை எழுதுக, செய்தவனை எழுதுக என்கிறோம்.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, பாதுகாப்பு அலுவலர் நடந்ததை அறிக்கையாக எழுதியாக வேண்டும். அவ்வலுவலரைத் தேடிச் செல்லும் துணிவு எத்தனை பேருக்கு? முகம் வீங்கிய தாய் பள்ளிக்கு வருகிறாள். "வழுக்கி விழுந்துட்டேன்" என்கிறாள். "புருசன் பெண்டாட்டி சங்கதி, வாத்தியாருக்கு எதுக்கு?" என்கிறார் பெரியவர் ஒருவர். அவளிடம் தனியே கேட்கிறோம். இசைந்தால் நாளையும் காயத்தையும் அவள் சொன்ன சொல்லையும் குறித்துக்கொள்கிறோம். இசையாவிட்டால், 181 என்ற உதவி எண்ணை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்புகிறோம்.